பைப்படிக்கு ஒரு பாட்டு

கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் என் மகள் என்னைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனாள். காப்பிக்கடை என்று அவள்தான் சொன்னாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. உள்ளே ஏர்கோன் குளிர், மெத்தை வைத்த நாற்காலி, காப்பியின் மேல் நுரையில் ஓர் இலை. அந்த இலையைக் கலைக்காமல் எப்படிக் குடிப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூலையில் சில பிள்ளைகள் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒருவனிடம் கித்தார். இன்னொருவன் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே தட்டினான். ஒரு பெண் பிள்ளை பாடியது. எல்லாம் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள்தானாம். நான் எதையும் சுலபத்தில் நல்லது என்று சொல்லிவிட மாட்டேன். அது நன்றாக இருந்தது.

ஒரு பாட்டு முடிந்ததும் அந்தப் பெண் மைக்கோடு என் மேசைக்கு வந்தது.

"ஆன்டி, அடுத்த பாட்டு உங்களுக்குத்தான். பேரு சொல்லுங்க, மைக்ல சொல்லிட்டுப் பாடுறேன்."

"செங்கமலம்" என்றேன்.

என் மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா, யாரும்மா செங்கமலம்?"

"அந்தப் புள்ள பாடட்டும். சும்மா இரு."

அது மைக்கில் சொன்னது. கடை முழுக்கக் கேட்டது. யார் எவரென்று தெரியாமலே எல்லோரும் கை தட்டினார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

பண்டமாரானில் எங்கள் வீடு வந்து சேரும்வரை மகள் காரில் கேட்டுக்கொண்டே வந்தாள். ஓட்டுகிறவளிடம் சொல்கிற கதையா அது? அதனால் எழுதி வைக்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் கையெழுத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

நான் சிறு பெண்ணாக இருந்ததும் அதே பிரிக்பீல்ட்ஸில்தான். அப்பொழுது அங்கே ரயில்வேக்காரர்களின் வீடுகள் வரிசை வரிசையாக இருந்தன. எங்கள் வரிசையில் எங்களுடையது கடைசி வீடு. அப்பா ரயில் பட்டறையில் வேலை. அவருடைய தம்பி, என் சித்தப்பா, எங்களோடேயே இருந்தார். வரிசைக்குப் பக்கத்தில் காக்கா கடை. காக்கா மலையாளக் கரையிலிருந்து வந்த முஸ்லிம். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. கடையின் பின்பக்கம் பலகைச் சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், எங்கள் வரிசைக்கெல்லாம் பொதுவான தண்ணீர்க் குழாயும் துவைக்கிற கல்லும் இருந்தன. பைப்படி என்போம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததெல்லாம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காக்கா தம் ரேடியோவை நிறுத்துவார். ஆர்மோனியக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். சித்தப்பா தபேலா. வயலினுக்குக் கிராணி ஐயா. ரயில்வே ஆபீசில் எழுத்துவேலை பார்ப்பவர்களைக் கிராணி என்பது வழக்கம். இவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலோ மழையோ, கையில் குடையில்லாமல் வரமாட்டார். வந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்து, வயலினைத் தோளில் வைத்துவிட்டால் காக்காவே தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிடுவார்.

ஆனால் கிராணி ஐயாவுக்குப் பேர் வந்தது வயலினால் மட்டுமல்ல. அப்பொழுது ரேடியோவில் நேயர் விருப்பம் கேட்காத வீடு கிடையாது. ஒரு பாட்டுப் போடுவதற்கு முன்னால் ஊர் ஊராகப் பெயர் வாசிப்பார்கள். செலாயாங்கில் இன்னார், அவர் தம்பி, தம்பியின் நண்பர்கள் என்று. சில சமயம் பாட்டைவிடப் பெயர்கள் நீளமாக இருக்கும். கிராணி ஐயா அதைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரேடியோக்காரர் தோற்றுப்போகிற குரலில், "இந்தப் பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்" என்று தொடங்குவார். கேட்டவர் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். இருந்தாலும் தன் பெயரைக் கேட்டதும் முகம் சிவந்து, அன்றைக்குத்தான் பிறந்தவர் மாதிரி ஆகிவிடுவார். பாட்டு வேண்டுமென்றால் வாசிக்கிறவர்களுக்கு ஒரு தட்டுப் பலகாரம் வைக்க வேண்டும். அதுதான் கடை வழக்கம்.

பெண்களுக்கு அந்தக் கடையில் இடமில்லை. எங்களைப் போன்ற பெண் பிள்ளைகள் பக்கத்துச் சன்னலில் பால்டின்னை நீட்டிக் காப்பி வாங்கிக்கொண்டு போகலாம். பெரியவர்கள் அந்தச் சன்னலுக்கும் வரமாட்டார்கள். பாட்டுக் கேட்க அவர்களுக்கு இருந்தது பைப்படிதான்.

அதில் ஒரு வேடிக்கை. எங்கள் வரிசையில் எண்ணெயும் கரியும் பிடித்த வேலைத் துணிகளைச் சனிக்கிழமையே துவைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை துவைக்க ஒன்றுமே இருக்காது. ஆனாலும் ஆர்மோனியம் முதல் மூச்சு விட்டதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு வாளி புறப்படும். வாளியில் வெள்ளைச் சட்டைகள். கோவிலுக்கும் படத்துக்கும் போட்டுப்போவதற்காக மடித்து வைத்திருந்த சட்டைகள். அவற்றை மறுபடி நனைத்து, மறுபடி சோப்புப் போட்டு, சித்தப்பாவின் தபேலாவுக்குத் தக்கபடி கல்லில் அடித்துக்கொண்டிருப்பார்கள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை ஆண்களைப் போல வெள்ளையாக உடுத்தியவர்கள் கிடையாது. அவ்வளவு சீக்கிரம் சட்டை கிழிந்தவர்களும் கிடையாது.

"சோப்பைத் தின்னுறாங்களா இந்தப் பொம்பளைங்க?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். அம்மா அதிகம் பேசமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒட்டுப்போட்ட டயரோடு புதிதாகச் சைக்கிள் வாங்கியிருந்த ஒருவர் பலகாரத் தட்டை வைத்து, தன் சைக்கிளுக்கு ஒரு பாட்டுக் கேட்டார். கிராணி ஐயாவும் சளைக்கவில்லை. கனைத்துக்கொண்டு, அந்தச் சைக்கிளின் கம்பெனிப் பெயரை முழுதாகச் சொல்லி, "அவர்கள் விரும்பிக் கேட்ட பாடல்" என்றார். கடை அதிர்ந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. சட்டையைப் பிழிந்துகொண்டே, யாரிடமும் இல்லாமல், "சைக்கிளுக்கு வந்த வாழ்வப் பாரு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்பொழுதே முடிவு பண்ணிவிட்டேன். காக்கா கடையில் என் அம்மா பெயரைச் சொல்லிப் பாட்டு வாசிக்க வேண்டும். அது நடக்காமல் நான் விடுவதில்லை. என் பிடிவாதம் எங்கள் வரிசையில் பிரசித்தம். ஒரு ஜடைப் பின்னலுக்காக நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தவள் நான்.

ஆனால் உடனே ஒரு சங்கடம் வந்தது. என் அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது.

சிரிக்க வேண்டாம். அந்தக் காலத்தில் உங்களுக்கும் தெரிந்திருக்காது. அப்பா அம்மாவை "இந்தா" என்பார். சித்தப்பா "அண்ணி" என்பார். பைப்படியில் அவள் "கடைசி வீட்டு அக்கா." எனக்கு அம்மா. இதற்கு மேல் ஒரு பெயர் இருக்கும் என்றே நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

அப்பாவிடம் போனேன். "அப்பா, அம்மா பேரு என்ன?"

அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். "உங்கம்மாவப் போய்க் கேளு."

அம்மாவிடம் போனேன்.

"எதுக்கு? பள்ளிக்கூடத்துல கேட்டாங்களா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு? அம்மாவுக்கு என்னடி பேரு. போ, போய் அரிசியப் பொறுக்கு."

"மத்தவங்க பேரெல்லாம் கடையில சொல்றாங்களே."

அரிசி முறத்தை என் மடியில் வைத்தாள். "கடையில பொம்பளை பேரச் சொல்லக் கூடாது. அது மரியாதை இல்ல."

"ரேடியோவுல மட்டும் சொல்றாங்க?"

"ரேடியோக்காரனுக்கு யாரு என்னன்னு தெரியாது. கடையில இருக்கிறவங்களுக்கு எல்லாந் தெரியுமில்ல? வாய மூடிக்கிட்டுப் பொறுக்கு."

பொறுக்கினேன். வாயைத்தான் மூடினேன், மனதை மூடவில்லை.

அந்த வாரமே சித்தப்பா ஒரு செய்தி கொண்டுவந்தார். கிராணி ஐயாவைத் தைப்பிங்குக்கு மாற்றிவிட்டார்களாம். வருகிற ஞாயிறுதான் கடைசி. ஆர்மோனியமும் தபேலாவும் இருக்கும், பாட்டு நிற்காது. ஆனால் அந்த மாதிரி எழுந்து நின்று பெயர் சொல்ல வேறு ஆள் இல்லை. ஆர்மோனியக்காரருக்குத் திக்குவாய். சித்தப்பா பேசினால் கடன் கேட்கிற மாதிரி இருக்கும்.

நான் கலங்கிப்போனேன். நல்ல வேளையாக ரவாங்கிலிருந்து மாமா வந்தார். அம்மாவுடன் பிறந்த அண்ணன். பழ சீசன் வந்தால் ரயிலேறி ஒரு கூடை ரம்புத்தான் கொண்டுவந்து போடுவார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, ஸ்டேஷன்வரை வழியனுப்புகிறேன் என்று கூடவே நடந்தேன். காலிக் கூடையை நான்தான் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

"மாமா, எங்கம்மாவுக்குப் பேரு இருக்கா?"

மாமா நின்றுவிட்டார். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். "ஏன் இல்லாம? செங்கமலம்டி! எங்கப்பா ஆசையா வச்ச பேரு. தோட்டத்துல அந்தப் பேர நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டா கடைசி லயத்து வீடு வரைக்கும் கேக்கும். ஆனா அவளுக்கு மட்டும் கேக்காது."

"ஏன்?"

"எங்கயாவது பாட்டுக் கேட்டுக்கிட்டு நிப்பா. கல்யாண வீடு, கோயில், பக்கத்துத் தோட்டத்துக் கூத்து, ஒண்ணு விடமாட்டா. ரப்பர் பால்வாளியோட அங்க நிப்பா. நான் போய் இழுத்துக்கிட்டு வரணும்." கூடையை என் தலையிலிருந்து எடுத்துக்கொண்டார். "எதுக்குடி கேக்கிற?"

"சும்மா."

வீடுவரைக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். செங்கமலம். செங்கமலம். பால்டின்னில் காப்பி வாங்கி வரும்போது சிந்தாமல் நடப்போமே, அப்படி நடந்தேன்.

அடுத்தது பலகாரம். அம்மா செய்கிற மரவள்ளிக்கிழங்கு வடைக்கு எங்கள் வரிசையில் போட்டி கிடையாது. வேண்டும் வேண்டும் என்று நச்சரித்தேன். இருந்திருந்தாற்போல என்ன ஆசை என்று திட்டிக்கொண்டே ஞாயிறு காலை கிழங்கைச் சீவினாள். தன் பாட்டுக்குத் தானே பலகாரம் சுடுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. அடுப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மத்தியானம் ஆர்மோனியம் கேட்டது. அம்மா வாளியை எடுத்துக்கொண்டு போனாள். நான் வடைகளைத் தட்டில் அடுக்கி, வாழையிலை போட்டு மூடி, காக்கா கடைக்குப் போனேன். சன்னலுக்குப் போகவில்லை. முன்வாசல் வழியாகப் போனேன்.

"ஏ மோளே! அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!" என்று காக்கா துணியை வீசி விரட்டினார்.

"எனக்குக் காப்பி வேணாம் காக்கா. பாட்டு வேணும்."

"புள்ளய விடு காக்கா, வடை வருது பாருலா" என்றார் சைக்கிள்காரர்.

உள்ளேயிருந்து பார்த்தால் அந்தக் கடை சன்னலில் தெரிந்ததைப் போல மூன்று மடங்கு பெரிதாக இருந்தது. சுருட்டுப் புகை, ஆண்களின் சத்தம். ஓரத்து மேசையில் அப்பா டாம் ஆடிக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட பலகையில் சோடாமூடிகளை நகர்த்துகிற ஆட்டம். அவர் அங்கே இருப்பார் என்று தெரியும். வீட்டுக்குப் போனால் முதுகுத்தோல் உரியும் என்று நினைத்தேன். உரிந்தால் உரியட்டும் என்று தட்டைக் கொண்டுபோய்க் கிராணி ஐயா முன்னால் வைத்தேன்.

அவர் இலையை நீக்கி மணம் பிடித்தார். "என்ன பிள்ளை, ஆருக்குப் பாட்டு?"

"செங்கமலம்" என்றேன். சத்தமாகச் சொன்னேன்.

ஒரு பெண்ணின் பெயர் அந்தச் சுவர்களுக்குள் விழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

கிராணி ஐயா குனிந்தார். "ஆர் அவ?"

நான் எம்பி அவர் காதில் மட்டும் சொன்னேன். "எங்கம்மா."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருலா அது செங்கமலம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "நம்ம வரிசையில அப்படி யாரும் இல்லையே." இன்னொருவர் சித்தப்பாவைத் தட்டினார். "உங்க வீட்டுப் புள்ளதானே, யாருன்னு சொல்லு."

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே என் அம்மா கையால் சாப்பிடுகிற சித்தப்பா, தபேலாவைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "எனக்கும் புடிபடலண்ணே. இதோட டீச்சரா இருக்கும்."

"ஆமா, டீச்சர்தான்" என்று கடை ஒப்புக்கொண்டது. ஊரில் பெயரோடு நடமாடுகிற பெண்கள் அவர்கள்தானே.

எனக்குக் கொதித்தது. கடையில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று அம்மா சொன்னாளே! இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். கிராணி ஐயா என் தோளில் கை வைத்தார். என்னைப் பார்க்காமல், ஓரத்து மேசையைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

"பெண்பிள்ளையின்ர பேர். இதுவரைக்கும் சொன்னதில்லை. சொல்லலாமோ?"

அப்பா பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நகர்த்தப் போன சோடாமூடி விரலடியிலேயே நின்றது.

"மரியாதப்பட்டவங்க" என்றார் அப்பா. "தாராளமாச் சொல்லுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவும் டீச்சர் என்றே நினைத்துவிட்டார்! கட்டிய மனைவியின் பெயர் அவருக்கே தெரியவில்லை!

"பாட்டைச் சொல்லேல்லையே பிள்ளை. என்ன பாட்டு வேணும்?"

பெயருக்காகவே அலைந்தவள், பாட்டை நினைக்கவே இல்லை. திருதிருவென்று விழித்தேன். அம்மாவுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஓரத்து மேசையிலிருந்து அப்பாவே பேசினார். "அன்னிக்கு மழையில வாசிச்சீங்களே, பாட்டில்லாம, வயலின் மட்டும். அத வாசிங்க. தபேலா மெதுவா இருக்கட்டும்."

"அது துக்கமா இருக்குமேண்ணே" என்றார் சித்தப்பா.

"வாசிடா."

தனக்குப் பிடித்ததைக் கேட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். அப்பா டாம் ஆடும்போது பாட்டே கேட்கமாட்டார் என்பது அப்பொழுது என் நினைவுக்கு வரவில்லை. அவர் காதில் சுவருக்கு அந்தப் பக்கத்துத் துவைகல் சத்தம்தான் விழுந்துகொண்டிருந்தது என்பதும், எந்த வாசிப்பில் அது நிற்கும் என்று அவருக்குத் தெரியும் என்பதும், எனக்கே கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் புத்தியில் உறைத்தது.

கிராணி ஐயா எழுந்தார். வயலினை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். நான் வெளியே பாய்ந்து, பக்கத்துச் சந்து வழியாகப் பைப்படிக்கு ஓடினேன். அந்தப் பெயர் அம்மா காதில் விழுகிறபோது நான் அங்கே இருக்க வேண்டும்.

சரியாகத்தான் போய்ச் சேர்ந்தேன். அம்மா குனிந்து சட்டையை அடித்துக்கொண்டிருந்தாள். பலகைச் சுவரைத் தாண்டி அந்தக் குரல் வந்தது.

"அடுத்து ஒரு வடிவான பேர். பிரிக்பீல்ட்ஸைச் சேர்ந்த, மரியாதைக்குரிய செங்கமலம் அவர்களுக்காக."

ஓங்கிய சட்டை கல்லில் இறங்கவில்லை. மெதுவாகத் தாழ்ந்து வாளிக்குள் போனது. அம்மா நிமிரவில்லை. குழாய் திறந்தபடி கிடந்தது. வாளி நிரம்பி அவள் காலைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் ஓடியது.

"யாரு அது?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. "பொம்பளை பேரச் சொல்றாங்க!"

"டீச்சராம்லா. இப்பத்தான் உள்ள பேசிக்கிட்டாங்க" என்றாள் ஆர்மோனியக்காரர் சம்சாரம். "கொடுத்து வச்சவ. நல்ல பேரா இருக்கு, இல்லக்கா?"

இப்பொழுது சொல்வாள் என்று நான் அம்மாவையே பார்த்தேன். அது நான்தான் என்று ஒரு வார்த்தை. சொன்னால் பைப்படியே எழுந்து நிற்கும்.

"ஆமா" என்றாள் அம்மா. "நல்ல பேருதான்."

"அம்மா!" என்று நான் ஆரம்பித்தேன். அவள் சட்டைகளோடு அன்றைக்கு நனைத்திருந்த போர்வையின் ஒரு முனையை என் கையில் திணித்தாள். "பிடி."

பிடித்தேன். மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். முறுக்க வேண்டியவள் முறுக்கவில்லை. வயலின் தொடங்கியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு போர்வையின் இரண்டு முனையில், அது நனைந்து சொட்ட, பாட்டு முடியும்வரை நின்றோம். மற்றவர்களும் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த டீச்சருக்காக, பாவம்.

நான் தோற்றுப்போனேன் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அவ்வளவு பாடுபட்டு, முன்வாசல் வழியாகப் போய், ஊர் கேட்கச் சொல்லவைத்தும், அந்தப் பெயர் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவளும் வாயைத் திறக்கவில்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேவிட்டேன். "அது உன் பேருதானே?"

"யாரு சொன்னா?"

"ரவாங் மாமா."

"அவனுக்கு வாய் நீளம்." வாளிக்கு வெளியே தொங்கிய சட்டையை உள்ளே தள்ளினாள். "வடையெல்லாம் எங்க?"

"அவங்க தின்னுட்டாங்க."

"கிராணி ஐயா எடுத்துக்கிட்டாரா?"

"அவருதான் முதல்ல எடுத்தாரு."

"உப்பு சரியா இருந்துச்சாமா?"

"சொல்லல. ஆனா தட்டுல ஒண்ணும் மிச்சமில்ல."

"ம்" என்றாள் அம்மா. வாளியைக் கை மாற்றிக்கொண்டாள். அவள் நடை அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தது. கனம் குறைந்த வாளி என்று நினைத்தேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். நான் கதவு மூலையில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் என்னை அடிக்கவில்லை. கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, அன்று காலைதான் மடிப்புக் கலைத்துப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றினார். அம்மாவிடம் நீட்டினார்.

"இந்தா. இதுல கறை இருக்கு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள்.

"நாளைக்கே அலசிப் போட்டுடறேன்."

"நாளைக்கு வேணாம்" என்றார் அப்பா, எங்கேயோ பார்த்துக்கொண்டு. "வர்ற ஞாயித்துக்கிழமை துவைச்சாப் போதும். நல்லா நேரம் எடுத்துத் துவை."

எனக்குப் பொறுக்கவில்லை. ஏற்கெனவே அம்மாவுக்கு வேலை போதாதா? சட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கி, வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தேன். காலரைப் பார்த்தேன். கைமடிப்பைப் பார்த்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. பால் மாதிரி இருந்தது.

"கறையே இல்லப்பா!"

"இருக்கு" என்றார் அப்பா.

"எங்க?"

"இருக்குடி" என்றாள் அம்மா. சட்டையை என்னிடமிருந்து வாங்கி, மடித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான வாளியில் வைத்தாள்.

ஒரே நாளில் இரண்டு பேருக்கும் எப்படிக் கண் கெட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டே நான் அன்றைக்குத் தூங்கப் போனேன்.